முட்டையும் நல்லெண்ணெயும்

“அன்னம், பிள்ளை வெளிக்கிட்டாச்சோ? வண்டி ரெங்கம் ஸ்டேஷனை விட்டிட்டுதாம்!”

மலாயாவின் செடெனாக் ஸ்டேஷன் மாஸ்டர் சோமசேகரம் குவாட்டர்ஸ் வாசலில் நின்று கத்தினார். உள்ளே, குளியலறைக் கதவைப் பாதி திறந்தபடி அவருடைய ஒரே மகள் மங்கையற்கரசி வெளிறிப்போய் நின்றாள். தாய் அன்னலட்சுமிக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அவள் காத்திருந்த நாள் வந்தேவிட்டது.

“அம்மா, எனக்கு இனிப் பள்ளிக்கூடம் இல்லையோ?”

பிள்ளைக்கு அழுகை வரவில்லை. அந்தக் கேள்விதான் வந்தது.

சோமசேகரம் பொல்லாத மனிதரல்ல. ஜொகூர் பாருவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆங்கிலப் பள்ளிக்கு மகளை ரயிலேற்றி அனுப்புவதில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமை. ஆனால் அந்தப் பெருமைக்கு ஓர் எல்லையும் போட்டு வைத்திருந்தார். வயதுக்கு வந்து பெரியபிள்ளை ஆகிற அன்றோடு படிப்பு முடிந்தது. அடுத்த நீண்ட லீவில் யாழ்ப்பாணம். அங்கே அவருடைய அக்காவின் மகன் காத்திருந்தான். அன்னலட்சுமியையும் இப்படித்தான் ஐந்தாம் வாசகப் புத்தகத்தின் நடுவில் நிறுத்தினார்கள். பாதியில் விட்ட அந்தப் பாடம் இன்னமும் பாதியிலேயே நிற்கிறது.

ஊரென்றால் ஒளிக்க முடியாது. மாற்றுச்சேலை கொண்டு, துணி வெளுக்கும் கட்டாடி வீட்டுப் பெண் வருவாள், தண்ணீர் வார்க்க மாமி வருவாள், பொழுது சாய்வதற்குள் முற்றத்தில் பந்தல் எழும்பிவிடும். இந்தச் செடெனாக்கில் யார் வரப்போகிறார்கள்? சுற்றிவர ரப்பர் மரம். மாமி கடலுக்கு அந்தப் பக்கம். வீட்டுத் துணி துவைப்பதும் அன்னலட்சுமிதான். பிறந்த மண்ணை விட்டு வந்ததற்காக எத்தனையோ நாள் கண்ணீர் விட்டவளுக்கு, தூரமும் ஒரு துணைதான் என்று அன்றுதான் பட்டது.

பழைய சேலையைச் சர்ரென்று கிழித்தாள்.

“வயிறு நோகுதோ?”

“கொஞ்சம்.”

“வகுப்பிலை இருக்கேலுமோ?”

“ஏலும் அம்மா!”

“அப்ப வெளிக்கிடு. அப்பாட்டை மூச்சு விடாதை.”

முதல் நாளில் ஆண்முகமே பார்க்கக்கூடாது என்பது சாத்திரம். அந்தக் காலையில் அப்பாவே மகளின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டு, “கவனமாய்ப் போ, பிள்ளை” என்று கதவையும் சாத்தினார்.

சடங்கைத் தள்ளி வைக்கலாம், உடம்பைத் தள்ளி வைக்க முடியுமா? மறுநாள் விடிந்ததும் அன்னலட்சுமி, பெரியபிள்ளையானவளுக்கு ஊரில் கொடுப்பதுபோல், பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெய் விட்டு மகளிடம் நீட்டினாள். அந்த நேரம் பார்த்தா சோமசேகரம் அடுப்படிக்குள் தலையை நீட்ட வேண்டும்?

“இதென்ன கோலம்?”

“பரீட்சை வருகுதெல்லோ. மூளைக்கு நல்லது.”

“அப்படியே? எனக்கும் ஒண்டு தா. நேற்றும் டைம்டேபிளிலை பிழை விட்டனான்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினார். மகள் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள், புத்தகம் குலுங்கியது.

அதோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. மனிதர் ஸ்டேஷனுக்குப் போய், தந்தி குமாஸ்தா சரவணமுத்துவிடம் தன் புதுச் சுறுசுறுப்பைப் பற்றி அளந்து தள்ளினார். சரவணமுத்து அதை மத்தியானச் சாப்பாட்டில் தன் மனைவி இராசம்மாவிடம் சொன்னார். சோறு இறங்கிக்கொண்டிருக்கும்போதே இராசம்மா பக்கத்துக் குவாட்டர்ஸ் கதவைத் தட்டினாள்.

அன்னலட்சுமிதான் திறந்தாள். இராசம்மா ஆசாரத்துக்கு அகராதி. எந்த நாளில் எண்ணெய் தேய்க்கலாம், எந்தத் திசையில் காலெடுத்து வைக்கலாம் என்பதையெல்லாம் அவளிடம் கேட்டுத்தான் அந்தக் குவாட்டர்ஸ் வரிசையே நடந்தது. அவளுடைய மகள் செல்லப்பாக்கியமும் அதே வண்டியில் அதே பள்ளிக்குத்தான் போனாள்.

இராசம்மா கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்காரவில்லை.

“முட்டை குடுக்கிறியாம்.”

“ஓமக்கா… பரீட்சைக்கு…”

“நல்லெண்ணெயும் விட்டோ?”

அன்னலட்சுமியின் தலை தானாகவே ஆடிற்று.

இராசம்மா கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். “விசரி! முட்டை பரவாயில்லை. உழுத்தங்களி மட்டும் கிண்டிப்போடாதை. வாசம் ஸ்டேஷன் வரைக்கும் போகும். நான் கிண்டின அண்டைக்கு எங்கடை மனுசன் மோப்பம் பிடிச்சுக்கொண்டு வந்திட்டார். கோயிலுக்கு நேத்திக்கடன் எண்டு சொல்லி, அவ்வளவையும் அவருக்கே தின்னக் குடுத்தன்!”

அன்னலட்சுமிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

“அக்கா… பாக்கியமும்?”

“போன தீபாவளிக்கு முன்னம்.” இராசம்மாவின் முகத்தில் அகராதி மறைந்து, என்றைக்கோ நிறுத்தப்பட்ட ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். “எனக்குக் கணக்கெண்டால் உயிர், அன்னம். அஞ்சாம் வகுப்போடை மூலையிலை இருத்திச்சினம். இவள் அல்ஜிப்ரா எண்டு ஏதோ போடுறாள். பக்கத்திலை இருந்து பாப்பன். ஒண்டும் விளங்காது. எண்டாலும் பாப்பன்.”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு முதலில் யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது. ஒருத்தி வாயில் சேலைத் தலைப்பை அடைத்தாள். மற்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சரவணமுத்து குடும்பத்தோடு வந்தார். சிறுமிகள் பின்கட்டில் பாடம் படித்தார்கள். ஆண்கள் இருவரும் முன்னறையில் கால்நீட்டி உட்கார்ந்து உலகத்தை அலசினார்கள். பேச்சு சுற்றிச் சுழன்று பெண்பிள்ளைகளிடம் வந்து நின்றது.

“ஊரிலை இந்த வயசுக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும்” என்றார் சோமசேகரம். “அக்காவும் கேட்டபடிதான்.”

“இஞ்சத்தை மழைக்கும் தண்ணிக்கும் பிள்ளையள் சுணங்கித்தான் வளருங்கள்” என்றார் சரவணமுத்து, எல்லாம் தெரிந்தவர்போல. “அதுவரைக்கும் சும்மா இருந்தென்ன, படிக்கட்டும்.”

அடுப்படியில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்த அன்னலட்சுமி இராசம்மாவிடம் மெல்லக் கேட்டாள்: “எவ்வளவு காலத்துக்கு அக்கா இந்த மழையும் தண்ணியும்?”

“சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடியட்டும். பிறகு நல்ல நாள் பாத்துப் பெரியபிள்ளை ஆக்குவம்.”

“ரெண்டு பேரையும் ஒரே நாளிலையோ? சந்தேகப்படமாட்டினமோ?”

“ஏழெட்டு நாள் விட்டு வைப்பம். முதல் உன்ரை மகள், பிறகு என்ரை.”

அன்னலட்சுமி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் தளும்பிக் கையில் பட்டது.

“என்னப்பா அங்கை சிரிப்பு?” முன்னறையிலிருந்து சோமசேகரத்தின் குரல் வந்தது.

“ஒண்டுமில்லை” என்றாள் அன்னலட்சுமி. “பிள்ளையளின்ரை படிப்பைப் பற்றித்தான் கதைக்கிறம்.”