கிளாரியின் பல்லும் குடில்காரனும்

சனிக்கிழமை காலை கிளாரி தன் பல்செட்டைக் கழுவித் தண்ணீர்த்தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுச் சவரம் செய்தான். திரும்பினால் பல்லைக் காணோம்.

அன்று பார்த்தா இது நடக்க வேண்டும்! ராத்திரி குதிரைப் பந்தயத் திடலில் ஆட்டம் பாட்டம். ஆற்றுத்துறையில் பெட்ரோல் கடை நடத்தும் டல்சி, கடையை விற்றுவிட்டு மறுநாள் தெற்கே அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாள். 'போகாதே' என்று அவளிடம் சொல்ல கிளாரிக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு ராத்திரிதான். இத்தனை வருஷமும் அவளிடம் டீசலைத் தவிர எதையும் கேட்டறியாதவன்.

"நெட்டை, என் பல்ல எங்கடா ஒளிச்சு வச்ச?" என்றான். மாட்டுப் பண்ணையில் எங்களோடு வேலி போடும் ஆட்கள் எல்லோருக்கும் நான் நெட்டைதான்.

"உன் பல்லு எனக்கெதுக்கு? நீ ஆக்கிப்போடுற மாட்டுக்கறிக்கு ரம்பம்தான்டா வேணும்."

தொட்டி விளிம்பில், பல் இருந்த இடத்தில், வெயிலில் வெளுத்த நத்தை ஓடு ஒன்று கிடந்தது. இரண்டு பேருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. குடில்காரன்! மைனாவைவிடப் பெரிய சாம்பல் பறவை. பெட்டையை மயக்கக் குச்சிகளை இரண்டு வரிசையாக நட்டுக் குடில் கட்டுவான். வாசலில் வெள்ளையாக எது கிடைத்தாலும் பரப்புவான்.

"கையில இருந்தத போட்டுட்டு ஒசத்தியாப் பாத்து எடுத்திருக்கான் திருட்டுப்பய," என்றான் கிளாரி.

வாரமெல்லாம் கம்பி இழுத்து என் முதுகு கழன்றிருந்தது. இருந்தாலும் கூடப் போனேன். ஓடை வற்றிக் குட்டை குட்டையாக நின்றது. மரங்களில் வௌவால்கள் தொங்கியபடியே சண்டை போட்டன. மணலில் கிடந்த ஒல்லிமூக்கு முதலை எங்களைக் கண்டதும் நழுவித் தண்ணீரில் இறங்கியது. அது மீன் தின்னி, சாது. ஆளைத் தின்னும் தடிமூக்கு முதலை கிடக்கும் கீழ்ப்பக்கம் நாங்கள் போகவில்லை. என்னைவிட உயரமான கறையான் புற்றுகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றிக் கால் ஓய்ந்தபோது, புதருக்குள்ளிருந்து எங்கள் பழைய ஜெனரேட்டர் இருமியது. கேட்ட சத்தத்தையெல்லாம் திருப்பிச் சொல்வது குடில்காரனுக்கு வழக்கம்.

புற்றுக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தோம். எலும்புகளுக்கும் நத்தை ஓடுகளுக்கும் நடுநாயகமாகக் கிளாரியின் பல் சிரித்துக்கொண்டிருந்தது.

"போய் எடுடா."

"பொறு. அவ வந்திருக்கா."

குடிலுக்குள் ஒரு பெட்டை நின்றது. குடில்காரன் பிடரியில் இளஞ்சிவப்புக் கொண்டையை விரித்து, பல்லைக் கவ்வித் தூக்கிக் காட்டினான், கீழே போட்டான், மறுபடி தூக்கினான்.

"நேரமாகுதுடா. குளிக்கணும், ரொம்ப தூரம் வண்டி ஓட்டணும். உனக்கு டல்சி வேணுமா, இவன் கல்யாணம் வேணுமா?"

"அவனும் என்னை மாதிரிதானடா. பாதியில போய்க் கெடுக்கச் சொல்றியா?"

வெயில் சாயும்வரை குந்தியிருந்தோம். எறும்பு கடித்தபோதுகூட கிளாரி அசையவில்லை. கடைசியில் பெட்டை பறந்தது, குடில்காரன் பின்னாலேயே பறந்தான். கிளாரி பல்லை எடுத்துக்கொண்டு என் பையைத் தடவினான். மின்வேலிக்கு மாட்டும் வெள்ளைப் பீங்கான் குமிழ் ஒன்று இருந்தது. அதே இடத்தில் அதை வைத்தான்.

திடலுக்குப் போய்ச் சேரும்போது பாட்டு முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தார்கள். டல்சி கிளம்புவதற்காகத் தன் வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"இப்பத்தான் வர்றியா? ஆடுறதுக்கு ஆளில்லாம நின்னேன்," என்றாள்.

கிளாரிக்கு வாய் நிறையப் பல் இருந்தும் 'போகாதே' வரவே இல்லை. அதற்குப் பதிலாகப் பறவைக் கதை வந்தது. தொட்டி, நத்தை ஓடு, கொண்டை, எறும்புவரை ஒன்று விடாமல் சொன்னான். டல்சி கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அப்புறம்? அவ திரும்பி வந்தாளா?"

"தெரியல. நாங்கதான் உன்னப் பாக்க ஓடியாந்துட்டோமே."

அவள் வண்டிக் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போய்க் காட்டுறியா? அக்கா எங்க ஓடிடப்போறா? அப்புறமாப் பாத்துக்கலாம்."

கிளாரி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன ஏன்டா பாக்குற?" என்றேன். "நான் நாளைக்குப் பூரா முதுக நீட்டிப் படுக்கப் போறேன்."