நடு போல்ட்

"இது சேராது மாமா. தடிமனானதா குடுங்க." கடைக்காரர் நீட்டிய ஹெட் கேஸ்கெட்டை, இன்ஜின் மூடிக்கு அடியில் வைக்கும் தகட்டை, டாக்ஸிக்காரரின் மகள் திருப்பித் தள்ளினாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடின டாக்ஸி. அதுக்கு இதுவே அதிகம்மா."

"ஹெட்டை ஒரு தடவை தேய்ச்சிருக்கு. மெல்லிசா போட்டா பிஸ்டன் வால்வுல இடிக்கும்."

"அப்பா சொன்னாரா?"

"ஆமா."

சொன்னது போன வாரம். இன்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் அப்பா போய்விட்டார். அதைச் சொன்னால் கடைக்காரர் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார், கேஸ்கெட் கொடுக்கமாட்டார். அவர் ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த உறை ஒன்றை எடுத்து வந்தார்.

தெருவில் இறங்கியதும் அண்ணன் நாலாவது முறையாகக் கூப்பிட்டான்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? ரெண்டு மணிக்கு அப்பாவைக் கொண்டு வந்துடுவாங்க."

"வந்துட்டே இருக்கேன்."

"பழைய இரும்புக்காரன்கிட்டயும் பேசிட்டேன். நாளைக்கு வந்து அந்த வண்டியை இழுத்துட்டுப் போயிடுவான்."

"ஓடுற வண்டியை எதுக்கு இழுக்கணும்?"

"அது எங்கடி ஓடுது?"

அவள் போனை அணைத்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரையும் படிக்கவைத்த வண்டி. அப்பாவின் சூடு ஆறுவதற்குள் எடைக்குப் போடுவானாம்.

வீட்டில் கூடத்தை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராகப் பின்பக்க ஷெட்டுக்குப் போனாள். கேஸ்கெட்டை வைத்து, அதன்மேல் ஹெட்டை இறக்கி, பத்து போல்ட்டுகளையும் கையால் திருகிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் அண்ணன் நின்றிருந்தான். பதினைந்து வருடமாக அவன் அந்த ஷெட்டில் கால் வைத்ததில்லை.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"நாளைக்கு அவன் வரட்டும். ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன். அப்புறமும் மனசு வந்தா நீயே வித்துக்க."

அவன் காலியான உறையை எடுத்துப் பார்த்தான். "ஏன் தடிமனானது?"

"உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். பத்தொன்பது வயதில், அப்பா இல்லாத நேரத்தில், நடு போல்ட்டில் தொடங்காமல் மூலையில் ஆரம்பித்து முறுக்கி ஹெட்டைக் கோணலாக்கியவன் அவன்தான். அப்பா திட்டவில்லை. தேய்த்துச் சமமாக்கி வாங்கி வந்து மாட்டினார். அதன்பிறகு அவன் கையில் ஸ்பேனர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

உள்ளே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"மணி என்ன?" என்றான்.

"ஒன்றரை."

அவள் ஸ்பேனரை நீட்டினாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தான். ஸ்பேனர் மூலை போல்ட்டில் போய் உட்கார்ந்தது. முறுக்காமலே அதை எடுத்து நடு போல்ட்டில் வைத்தான்.