நெவிலின் அதிர்ஷ்டம்

எங்கள் ஊரில் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு ரோஜாச் செடிமேல் விழுந்தவனை மன்னிப்பார்கள். அடுத்தவன் மனைவியோடு ஓடிப்போய், அவளும் துரத்திவிட்டபின் திரும்பி வந்தவனுக்குக்கூடக் கால்பந்து கிளப்பில் தண்ணீர் பாட்டில் தூக்கும் வேலை கொடுத்தார்கள். போட்டுக் கொடுத்தவனுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. ஆசிரியரிடம் கோள் சொன்ன ஒருத்தியை நாற்பது வருடம் கழித்தும் கல்யாண வீட்டில் ஓரமாகத்தான் உட்கார வைக்கிறார்கள். சரியா தவறா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் இந்த ஊர்க்காரிதான், நானும் அவளோடு அளந்துதான் பேசுவேன்.

என் பெயர் மார்லீன். எங்கள் ஊரான வைக்கெரியின் நூலகப் பின்னறையில், வேலை இல்லாதவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு கணினி, ஆஸ்துமா வந்ததுபோல் இரைகிற ஒரு ஹீட்டர். தலைமை அலுவலகம் பெர்ரி என்ற ஊரில். அங்கேதான் என் மேலாளர் டாம்சின் இருக்கிறாள். அடிலெய்டு நகரத்திலிருந்து வந்தவள், கெட்டவள் இல்லை, ஆனால் இந்த ஆற்றோரத்து மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அந்தப் புதன்கிழமை காலையில் அவள்தான் கூப்பிட்டாள்.

"மார்லீன், உங்க ஊரு நெவில் ஹோஸ்கின் இருக்காரே, அவருக்கு எட்டு வாரம் உதவித்தொகை நிறுத்திட்டாங்க. தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆரஞ்சு பொட்டலம் கட்டும் ஷெட் மூடும்வரை நெவில் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தவன். என் தம்பியோடு ஒரே அணியில் பந்து விளையாடியவன். வேலை என்றால் ஓடி ஒளிகிற ஆள் இல்லை.

"எதுக்கு நிறுத்தினாங்க?"

"கிடைச்ச வேலைய மறுத்ததுக்கு. திராட்சைத் தோட்டத்துல கொடி வெட்டற கவாத்து வேலை. நானே ரெண்டு தடவ கூப்பிட்டேன், எடுக்கவே இல்ல. தோட்டத்துக்காரரும் கூப்பிட்டாரு. மூணு தடவ எடுக்கலன்னா மறுத்ததாத்தான் கணக்கு."

"உன் ஆபீஸ் போன்லேருந்தா கூப்பிட்ட?"

"ஆமா."

"அது அவங்க போன்ல 'தனி எண்'ணுதானே காட்டும்?"

"அது விதி, மார்லீன். நம்ம நம்பர் வெளிய தெரியக்கூடாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஷெட் மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப்பேர் தெரியாத எண்ணோ தனி எண்ணோ வந்தால் போனைத் தொடவே மாட்டார்கள். கடன் வசூலிக்கிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நெவிலின் மனைவி அவனை விட்டுப் போகும்போது அவன் பெயரில் வாங்கிய கடன்களை விட்டுவிட்டுப் போனாள். அந்த மாதிரி அழைப்பு வந்தால் அவன் போனைச் சமையலறை டிராயரில் போட்டு மூடிவிடுவான். இதை அவனே பப்பில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். வேலை அவனைத் தேடி வந்து டிராயருக்குள் மணியடித்துவிட்டுப் போயிருக்கிறது.

"ஆனா ஒரு வழி இருக்கு," என்றாள் டாம்சின். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அவர் வந்து, தப்ப ஒத்துக்கிட்டு, பயிற்சி வகுப்புல சேர்றேன்னு சொன்னா தண்டனைய ரத்து பண்ணிடலாம். அன்னிக்கே பணம் வர ஆரம்பிச்சிடும். விட்டா எட்டு வாரமும் போச்சு. அதச் சொல்லத்தான் காலையிலேருந்து கூப்பிடறேன், எடுக்க மாட்டேங்கறாரு."

எதிலிருந்து கூப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை.

சொந்தப் போனில் அழைக்கக்கூடாது என்பது விதி. என் சொந்தப் போனில்தான் அழைத்தேன். ஒருமுறை மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தேன், மறுபடியும் அப்படியே. என் பெயரைப் பார்த்துத்தான் வெட்டுகிறான் என்று அப்போது புரிந்தது. இந்த ஊருக்குப் போகிற எல்லாக் கடிதத்துக்கும் அடியில் என் பெயர்தான் அச்சாகும், அனுப்புவது யாராக இருந்தாலும். உதவித்தொகையை நிறுத்திய கடிதமும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்கு வண்டியை விட்டேன். ஆற்றுக்குப் போகும் சாலையில் கடைசி வீடு. புகைபோக்கியில் புகை இல்லை. அந்தக் குளிரில் புகை இல்லை என்றால் விறகு இல்லை என்று அர்த்தம். கதவைத் தட்டினேன். கொசுவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக வந்து நின்றான். வலைக்கதவின் கொக்கியை எடுக்கவில்லை.

"அடடே, யாரு வந்திருக்கா பாரு! அரசாங்கமே வீடு தேடி வந்திருக்கு."

"கதவத் தொறடா நெவில், குளுருது."

"உள்ளயும் அதே குளுருதான். எங்கிட்ட இன்னும் என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போட்டுக் குடுக்க வந்தியா?"

"நான் போட்டுக் குடுக்கல."

"உன் பேரு இருக்குதே அடியில. படிக்கத் தெரியும் மார்ல் எனக்கு. நீயும் நானும் ஒரே பள்ளிக்கூடம்."

"என் பேரு அச்சடிச்ச பேருடா! உனக்கு வேலை குடுக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க, நீ போன எடுக்கல. அதான் நடந்தது."

நடந்ததை எல்லாம் சொன்னேன். திராட்சைத் தோட்டம், டிராயரில் கிடந்த போன், மூன்று அழைப்பு. அவன் முகம் ஒரு கணம் தொங்கிப் போனது. கவாத்து வேலை அவனுக்குப் பிடிக்கும், அது எனக்குத் தெரியும்.

"அந்த வேலை இன்னும் இருக்கா?"

"வேற ஆளப் போட்டுட்டாங்க."

"அப்ப என்னத்துக்கு வந்த?"

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லு. தண்டனைய ரத்து பண்ணிடறாங்க. வாடகை ஏஜென்ட் உனக்கு நோட்டீஸ் குடுத்திருக்கான்னு ஊருக்கே தெரியும். எட்டு வாரம் பணம் இல்லன்னா இந்த வீடு இருக்காதுடா."

"என்ன வார்த்தை?"

தயங்கினேன். "வேலைய மறுத்தது தப்பு, இனிமே ஒழுங்கா வர்றேன்னு. அப்புறம் காலையில ஒரு வகுப்பு. வேலை கேக்கறது எப்படி, கை குலுக்கறது எப்படி... அந்த மாதிரி."

"கை குலுக்கறது எப்படியா?" சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "இருபது வருஷமா ஒரு பெட்டி கீழ போடாம ஓட்டினவன் நான். நான் வேலைய மறுத்தேனா? இந்த வாயால அத நான் சொல்லணுமா?"

"சொல்லிட்டுப் போயேன். யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்ல."

எனக்குப் பொறுமை குறைவு. என் கணவர் இருந்தவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ரோஷத்த வறுத்துத் தின்னப் போறியா? சாப்பாட்டுக்கு என்ன பண்றே?"

அவன் நிமிர்ந்தான். முதல்முறையாக அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"அதுக்கெல்லாம் கவலை இல்ல. அதிர்ஷ்டம் நம்ம பக்கம். கோலின் பப்புல மூணு வெள்ளிக்கிழமையா சீட்டுக் குலுக்கல்ல இறைச்சித் தட்டுப் பரிசு எனக்குத்தான். சாப்ஸ், சாசேஜ், பன்றித்தொடை, எல்லாம் ஐஸ்ல கெடக்கு. எங்கப்பனுக்கும் இப்படித்தான், கஷ்டம் வந்தா குலுக்கல்ல விழும். ஆண்டவன் உங்க ஆபீஸ் மாதிரி இல்ல மார்ல், போன் எடுக்கலன்னாலும் குடுக்கறான்."

இங்கே நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆனால் குளிர், பயம், அவனுடைய அந்தப் பெருமிதச் சிரிப்பு எல்லாம் சேர்ந்து என்னை உசுப்பிவிட்டன. இந்த அதிர்ஷ்டத்தை நம்பித்தான் வர மாட்டேன் என்கிறான், இதை நம்பித்தான் வீட்டை இழக்கப் போகிறான் என்று தோன்றியது.

"அதிர்ஷ்டமா? முட்டாப்பயலே, உன் சீட்ட கோலின் கட்டைவிரலுக்கு அடியில மடிச்சு வச்சிக்கிட்டுத்தான் சீட்டு வாளிக்குள்ள கையே விடறான்! ஊரே சேந்து உனக்குச் சோறு போடுது. நேரா குடுத்தா நீ வாங்க மாட்டேன்னுதான் இந்தக் கூத்து!"

வலைக்கதவுக்குப் பின்னால் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை, அதற்காக இன்றும் நன்றி சொல்கிறேன்.

"ஊரேவா?" என்றான்.

நான் கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

"போன வாரம் எல்லாரும் கை தட்டினாங்க. நான் எந்திரிச்சி நின்னு கையாட்டிட்டு வந்தேன்."

"நெவில்..."

"நீயும் தட்டின."

உள்கதவைச் சாத்தினான். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தூங்குகிறவரை எழுப்பாமல் மூடுவதுபோல் மெதுவாக மூடினான்.

வியாழன் முழுக்க அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் டாம்சின் இரண்டு முறை கேட்டாள். "வருவான்," என்றேன். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். காரில் போய் இழுத்துக்கொண்டு வரலாமா என்று சாவியை எடுத்தேன், வைத்தேன். என் முகத்தைப் பார்த்தால் வருகிறவனும் வரமாட்டான்.

நூலகத்தில் விளக்கு போட்டபிறகு, ஐந்து அடிக்கச் சற்று முன்னால் வந்தான். தலையை ஈரத்தோடு வாரியிருந்தான், இறுதிச் சடங்குக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான். கையில் நீல நிற ஐஸ் பெட்டி. அதை என் மேசைமேல், விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதக் கோலின்கிட்டக் குடுத்துடு. மிச்சம் இருந்தது இவ்வளவுதான். மத்தத சாப்பிட்டுட்டேன், அதத் திருப்ப முடியாது."

"நெவில், நான் அன்னிக்கு..."

"எங்க சொல்லணும் அந்த வார்த்தைய?"

விதி என்னவென்றால், ஒப்புக்கொள்வதைப் பெர்ரி அலுவலகம் அவனுடைய சொந்தப் போனில் கூப்பிட்டுக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் என் வாய் வழியாகச் சொல்ல முடியாது. டாம்சினுக்குத் தகவல் அனுப்பினேன். இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கம் காத்திருந்தோம். ஐஸ் பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் கசிந்து என் காகிதங்களை நனைத்தது. நான் துடைக்கவில்லை.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். தனி எண்.

நான்கு முறை அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எடுத்தான்.

"ஹோஸ்கின் பேசறேன்... ஆமா... ஆமா, புரியுது." என்னைப் பார்க்காமல் ஹீட்டரைப் பார்த்துப் பேசினான். "ஆமாங்க. மறுத்தேன்... காரணம் ஒண்ணும் இல்லீங்க... ஆமா, இனிமே வருவேன்... திங்கக்கிழமையா? சரிங்க... நன்றிங்க."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் திரையில் சிவப்பாக இருந்த அவன் பெயர் பச்சையானது. வீடு தப்பித்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு பொய்யைச் சொல்லவைத்துத்தான் அந்தப் பச்சை வந்தது, அதைச் சொல்லவைத்தவள் நான்.

"ராத்திரி பப்புக்கு வர்றியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"எதுக்கு?" என்றான். கேலியில்லாமல், உண்மையாகவே காரணம் கேட்டான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஐஸ் பெட்டியை என்னதான் செய்ய? வீட்டுக்கு எடுத்துப்போக மனம் வரவில்லை. தூக்கிக்கொண்டு பப்புக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம். கோலின் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் நான் கேட்காமலேயே என் பீரை ஊற்ற ஆரம்பித்தான். "வா மார்ல் கண்ணு, சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே," என்று சொல்லி, பாதி ஊற்றிய கிளாஸை வைத்துவிட்டுச் சீட்டு வாளியை எடுத்தான். நான் ஏதாவது சொல்வதற்குள் கையை விட்டுத் துழாவினான். கூட்டம் அவரவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டு அமைதியானது. அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரியும், நானும் மூன்று வாரம் அதில் சேர்ந்திருந்தேன்.

"பாருங்கப்பா, மறுபடியும் நெவில் ஹோஸ்கினுக்கே! என்ன மாயம் பண்றான்னே தெரியல! நெவில், எங்கப்பா?"

சிலர் கை தட்டினார்கள். ஜன்னலோர மேசையில் அவனுடைய நாற்காலி காலியாக இருந்தது. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"சீட்டு நேத்தே வாங்கிட்டேனே அவனுக்கும் சேத்து," என்றார் பக்கத்து ஸ்டூலில் இருந்த கிழவர் டக். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் ஐஸ் பெட்டியை பாரின்மேல் வைத்தேன். கோலின் மூடியைத் திறந்தான். கசாப்புக் கடைக்காரரின் வெள்ளைத் தாள் பிரிக்கப்படாமல் இருந்தது, போன வாரம் கோலினே கட்டிய நூலோடு. ரொம்ப நேரம் அதைப் பார்த்தான்.

"யாரோ சொல்லிட்டாங்க அவன்கிட்ட," என்றான்.

யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். அவன் வீட்டைக் காப்பாற்றத்தான் சொன்னேன், அதனால்தான் வந்தான், பணம் வந்துவிட்டது என்றெல்லாம் சொல்லியிருப்பேன். அரசாங்கத்திடம் அவனை நான் போட்டுக் கொடுக்கவில்லை. ஊரைத்தான் அவனிடம் போட்டுக் கொடுத்தேன்.

"நான்தான்," என்றேன்.

கோலின் மூடியை மூடினான். பாதி ஊற்றியிருந்த என் பீரைத் தொட்டியில் கவிழ்த்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தான். துணியால் பாரைத் துடைத்துக்கொண்டே என் முன்னால் வந்து நின்றான். பெட்ரோல் போட இறங்கி, கழிவறை எங்கே என்று கேட்க உள்ளே வருகிற வெளியூர்க்காரர்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு கேட்டான்:

"மேடத்துக்கு என்ன வேணும்?"