டம்ளரின் அடியில் ஒரு பொத்தான்

"ஆறு வாரம் அண்ணன் சமைக்கட்டும்."

இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டை போட்டுக் காலேஜுக்குப் போ, ஊரெல்லாம் வேலைக்கு எழுதிப் போடு, ஆனால் ஆம்பளைகளிடம் அடுப்பைப் பற்றிப் பேசாதே. அவள் பேசிவிட்டாள். அதுவும் அப்பா தட்டில் கை வைத்த நேரம் பார்த்து.

அப்பா பஸ் டிரைவர். இருபத்தெட்டு வருஷமாக ஒரே ரூட். வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே நிறுத்தினார். அண்ணன்தான் முதலில் சிரித்தான். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தூங்கும்போது விடுகிற குறட்டைக்காகத் தெருவே அவனைக் கம்ப்ரசர் என்றுதான் கூப்பிடும்.

"நான் சமைச்சா யாரும் சாப்பிட வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

"போங்க. அங்கயாவது வேளைக்கு சாப்பாடு குடுப்பாங்க."

"பாப்பா," என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். அவளுடைய வலது கை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கட்டுக்குள் இருந்தது. ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்ட கை. மணிக்கட்டில் நரம்பு சிக்கிக்கொண்டு, போன வாரம்தான் ஆபரேஷன் ஆனது. ஆறு வாரத்துக்கு ஒரு கரண்டியைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதே வாரம்தான் மகளுக்கு ஒரு கடிதமும் வந்தது. பஸ்ஸில் எட்டு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊரில், குடிதண்ணீரைச் சோதிக்கிற லேப் ஒன்றில் வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும், தவறினால் இந்த ஆணை ரத்தாகும். அந்தக் குடும்பத்தில் யாருடைய பெயருக்குப் பின்னாலும் அதுவரை ஒரு பட்டம் டைப் அடிக்கப்பட்டு வந்ததில்லை. அப்பா அந்தக் கடிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, டிவி மேல் வைத்தார். வைத்ததோடு சரி.

இப்போது தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"காலையில டீயும் பிரெட்டும் போதும். மத்தியானம் அவனவன் வேலை பாக்குற எடத்துல. ராத்திரி சாப்பாடுதான் விஷயம். அந்த ஐஸ்கிரீம் பெட்டி சும்மாதான கெடக்கு? ஆறு வாரத்துக்கு செஞ்சு ரொப்பி வச்சிட்டுப் போ. பெட்டி நெறஞ்ச அன்னிக்கு நீ போகலாம். நான் வார்த்த மாற மாட்டேன்."

"நெறையலைன்னா?"

"நெறையலைன்னா நீ எங்க போற?"

மூடிப்போன ஐஸ்கிரீம் கடை ஒன்றிலிருந்து அண்ணன் இழுத்து வந்த பெட்டி அது. பின்கட்டில், ஜன்னலுக்கு அடியில் கிடந்தது. மேலே திறக்கிற மூடி. பக்கவாட்டில் ஒட்டிய ஐஸ்கிரீம் படம் பாதி உரிந்து போயிருந்தது. குந்தி உட்கார்ந்தால் ஒரு ஆளே உள்ளே அடங்கலாம். ராத்திரிக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு டப்பா என்ன, அதற்கு மேலும் கொள்ளும்.

வேலையில் சேர வேண்டிய நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், திங்கட்கிழமை ஆரம்பித்தாள். விடிந்ததும் சந்தைக்குப் போய் மீன். வந்ததும் செதிள் சுரண்டிக் கழுவித் துண்டு போட்டு, உப்பும் மிளகும் தடவி வைத்துவிட்டு, காய் நறுக்க உட்கார்ந்தாள். கேரட், பீன்ஸ், பட்டாணி. கொதிக்கிற தண்ணீரில் இரண்டே நிமிஷம், உடனே அள்ளிக் குளிர்ந்த தண்ணீரில். வெங்காயமும் பூண்டும் தக்காளியும் தனியாக வதங்கிச் சாறாகின. மீனை முக்கால் வேக்காட்டில் எடுத்தாள். மிச்ச வேக்காடு சூடு பண்ணும்போது. எல்லாவற்றையும் டப்பாவில் அடுக்கி, ஆவி போக ஆறவைத்து, மூடி, டேப் ஒட்டி, சாப்பிட வேண்டிய தேதியை எழுதினாள். தேதி எழுதாவிட்டால் அப்பாவும் அண்ணனும் அடியில் இருப்பதைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

அம்மா முக்காலியில் உட்கார்ந்து இடது கையால் அதிகாரம் பண்ணினாள்.

"உருளைக்கிழங்கு போடுடி. அப்பாவுக்குப் பிடிக்கும்."

"உறைஞ்சா சுண்ணாம்பு மாதிரி ஆயிடும்மா."

"காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமா. மூணு வருஷமும் கெழங்குதான் வேக வச்சோம். அதுக்குத்தான் பட்டம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் கட்டுப் போட்ட கை அதிர்ந்து "ஐயோ" என்றாள். அதற்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள். முதல் இரண்டு நாள் இப்படித்தான் போனது. பெட்டி நிறைய நிறைய அம்மாவின் பேச்சு குறைந்தது. கை வலிக்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி டப்பா உள்ளே போனது. அண்ணன் வந்து எட்டிப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்கைக்கு ஒரு வேலை சொல்லிக்கொடுத்தான்.

"ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணிய உள்ள வச்சு நல்லா உறைய விடு. உறைஞ்சதும் அது மேல ஒரு பொத்தான வை. நடுவுல கரண்ட் போயி ஐஸ் கரைஞ்சா, பொத்தான் அடிக்குப் போயிடும். திரும்ப உறைஞ்சாலும் அடியிலயேதான் கெடக்கும். கரண்ட் போகவே இல்லன்னு கஸ்டமர் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவான். டம்ளர்கிட்ட அது நடக்காது. பொத்தான் மேல இருந்தா சாப்பிடலாம். கீழ இருந்தா குப்பை."

அப்பாவின் கிழிந்த யூனிஃபார்ம் சட்டையிலிருந்து ஒரு பித்தளைப் பொத்தானைப் பிய்த்து, படுக்கப் போகுமுன் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அரசு ஆஸ்பத்திரி வரிசையில் போனது. வேலையில் சேர உடம்புச் சான்றிதழ் வேண்டும். காலையில் போனவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினாள். சனிக்கிழமை துணி துவைத்துப் பையைக் கட்டினாள். மூடியை அடிக்கடி திறக்காதே என்று அண்ணன் சொல்லியிருந்ததால் பெட்டிப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிக்குப் பஸ். ஒன்பதரைக்கு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தாள்.

டப்பாக்கள் இறுகிக் கிடந்தன. ஆனால் மூடியின் உள்பக்கம் விரல் கனத்துக்குப் பனி ஏறியிருந்தது. மேல் வரிசை டப்பாக்களின் விளிம்பில் தக்காளிச் சாறு வழிந்து, சிவப்பு மெழுகு மாதிரி உறைந்திருந்தது. டம்ளரை எடுத்தாள். மேலே ஒன்றும் இல்லை. தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். கண்ணாடிக்கும் ஐஸுக்கும் நடுவில், மஞ்சளாக, பொத்தான்.

"பாப்பா."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் இடது கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். பெட்டியின் பிளக் இறுக்கமானது. பழக்கமில்லாத கையால் பிடுங்கினால் நகம் போகத்தான் செய்யும்.

"நீயாம்மா?"

"வெள்ளிக்கெழமை நீ அந்தப் பக்கம் போனதும். மூடியத் தெறந்து வச்சிட்டுப் புடுங்கிட்டேன். சாயங்காலம் மனசு கேக்கல. மாட்டிட்டேன்."

"ஏன்?"

"ஒரு வாரம் தள்ளிப் போவன்னு பாத்தேன்."

"தள்ளிப் போட இது என்ன கல்யாணமா? நாளைக்குக் காலையில போகலைன்னா வேலையே இல்ல. ஒனக்குப் படிச்சுக் காட்டினேன் இல்ல?"

"காட்டின." அம்மா பெட்டியைப் பார்த்தபடியே பேசினாள். "இந்த வீட்டுல நீ ஒருத்திதான் என் மூஞ்சியப் பாத்துப் பேசற. அவங்க ரெண்டு பேரும் என் கையில இருக்கற தட்டப் பாத்துத்தான் பேசுவாங்க."

"அப்ப எதுக்கு என்னப் படிக்க வச்ச?"

"நீ போகணும்னுதான்," என்றாள் அம்மா. "போனா எப்படி இருக்கும்னு அப்பத் தெரியல."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அம்மா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"யாருக்கும் தெரியாது. அந்த டம்ளரக் கழுவி வச்சிட்டுக் கெளம்பு. பாக்க நல்லாத்தான இருக்கு? நான் நல்லாக் கொதிக்க வச்சுக் குடுத்துக்கறேன்."

முன்னறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "என்ன, நெறஞ்சிடுச்சா?"

ஒரு 'ம்' போதும். கையில் பை, பதினோரு மணிப் பஸ், நாளைக்கு லேப். அவள் அந்த 'ம்' வரை வந்துவிட்டாள் என்பதுதான் உண்மை. பகல் பூராவும் ஜன்னல் வெயிலில் திறந்து கிடந்த மீன். அதில் என்னென்ன வளரும், எத்தனை மணி நேரத்தில் எத்தனை மடங்கு ஆகும், கொதிக்க வைத்தாலும் எது போகாது என்று மூன்று வருஷம் படித்துப் பரீட்சையும் எழுதியவள் அவள். மேலே இருந்த டப்பாவில் அவளுடைய கையெழுத்தில் இன்றைய தேதி இருந்தது. ஆம்பளைகள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததை, கடைசியில், வழித்துச் சாப்பிடப்போவது அம்மா. தையல்கூடப் பிரிக்காத கையோடு.

"நெறஞ்சுது," என்றாள் சத்தமாக. "கெட்டும் போச்சு."

இரண்டு பேரும் வந்தார்கள். அப்பா ஒரு டப்பாவை எடுத்துச் சுவரில் தட்டினார். "கல்லு மாதிரி இருக்கு. இதுல என்ன கெட்டுச்சு?"

அண்ணன் டம்ளரை வாங்கிப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "இல்லப்பா. ரொம்ப நேரம் கரண்ட் இல்லாம இருந்திருக்கு. முழுசாக் கரைஞ்சு திரும்ப உறைஞ்சிருக்கு. வாயில வைக்கக் கூடாது."

"பிளக் கழண்டிருக்கும்."

"நான் மாட்டின பிளக் கழலாது."

"அப்ப யாரு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. நான்தான். அதைச் சொல்ல அம்மாவுக்குக் கை தேவையில்லை. அம்மா தன் கட்டிலிருந்து தொங்கிய ஒரு நூலைப் பார்த்தாள், அதை இடது கையால் உள்ளே செருகினாள், மறுபடியும் அதையே பார்த்தாள்.

அப்பாவே முடித்துவைத்தார். கோபம்கூட இல்லை. "யாராயிருந்தா என்ன? பெட்டி நெறையல. பேச்சு அவ்ளோதான். லேப்புக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடு." சொல்லிவிட்டுப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் குப்பைப் பைகளை எடுத்து வந்தாள். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, பின்பக்கம் ஓங்கித் தட்டி, நான்கு நாள் உழைப்பைக் கட்டி கட்டியாகக் கொட்டினாள். கேரட்டும் பட்டாணியும் பளிச்சென்றுதான் இருந்தன. நாற்பத்திரண்டும் கொட்டி முடிய மூன்று பைகள் ஆயின. ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மீன் வாடை போகவில்லை. பையைத் தோளில் மாட்டினாள். டிவி மேலிருந்து கடிதத்தை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள்.

"எங்க?" என்றார் அப்பா.

"பஸ்ஸுக்கு."

"பெட்டி?"

"காலியா இருக்கு. அண்ணன் ரொப்பட்டும்."

அப்பா எழுந்திருக்கவில்லை. தடுப்பார், திட்டுவார், குறைந்தபட்சம் வாசலை மறித்து நிற்பார் என்றெல்லாம் நான்கு நாளாக நினைத்து வைத்திருந்த பதில்கள் அவளுக்குள்ளேயே தங்கிப்போயின. அவர் செய்தித்தாளைத் திருப்பினார்.

"அப்ப ராத்திரிக்கு?" என்று கேட்டான் அண்ணன். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையில் அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பலகையில் கத்தி. டக். நீண்ட இடைவெளி. டக். இடது கை. வெங்காயம் உருண்டு கீழே விழுந்தது, அம்மா முனகிக்கொண்டே குனிந்து எடுத்தாள், மறுபடியும் டக்.

உள்ளே போய்க் கத்தியை வாங்கிவிட எட்டு அடி போதும். போனால் இன்றைக்கு ஒரு வெங்காயம், நாளைக்கு நாற்பத்திரண்டு டப்பா, அதற்கப்புறம் அம்மாவின் முக்காலி. அவளுக்குத் தெரியும். நூலைப் பார்த்துக்கொண்டு அம்மா நின்ற அந்த நேரத்திலேயே அவள் போய்விட்டாள். பையும் காலும்தான் பாக்கி.

படி இறங்கினாள். தெருமுனைத் தொட்டியைத் தாண்டும்போது வெயிலில் பைகளில் இருந்தது கரைந்து, அடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. கையை முகர்ந்து பார்த்தபடி நடந்தாள்.