பஞ்சுக் கிடங்கின் பின்சுவர்

மாதையனுக்குக் கால் ஒடிந்ததிலிருந்து அவனுடைய மாட்டு வண்டியை மனைவி சென்னம்மாள்தான் ஓட்டினாள். பொம்பளை ஓட்டும் வண்டியா என்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முகம் சுளித்தவர்கள் உண்டு. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெண்ணந்தூரிலிருந்து பஞ்சுப் பொதிகளை ஏற்றிவந்து பேட்டையிலிருந்த கிடங்கில் இறக்கிவிட்டுப் போவாள். அதே கிடங்கில் அவளுடைய தங்கை மயிலம்மாள் பஞ்சில் தூசி பொறுக்கினாள்.

பெண்கள் மடியில் பஞ்சைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று முதலாளிக்கு ஓயாத சந்தேகம். அவர்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவது அங்கே வழக்கம்.

யுத்தம் தொடங்கிய மறு வருஷம், பங்குனி மாத உச்சிவெயிலில் சென்னம்மாளின் வண்டி கிடங்குத் தெருவுக்குள் திரும்பியபோது ஓட்டுக்கூரையின் இடுக்கெல்லாம் புகை கக்கிக்கொண்டிருந்தது. தீ எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கதவில் பூட்டு தொங்கியது. சாவி வைத்திருந்த மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். தேக்குக் கதவைக் கடப்பாரையால் நெம்பியவர்கள் அனல் தாங்காமல் பின்வாங்கினார்கள். உள்ளேயிருந்து கூக்குரல் வந்துகொண்டே இருந்தது.

சென்னம்மாள் வண்டியைப் பின்சந்துக்குத் திருப்பினாள். அங்கே இடுப்புயரத்தில் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மயிலம்மாளின் முகம் தெரிந்தது.

"அக்கா, மூச்சு முட்டுது."

"கீழ குனிஞ்சுக்கங்க சாமி. சன்னலைப் பேத்து எடுக்கறேன்."

பாரம் கட்டும் கயிற்றைக் கம்பியில் முடிந்து வண்டியில் மாட்டி இழுத்தாள். கயிறு அறுந்தது. பக்கத்துத் தோட்டக் கிணற்றில் நீர் இறைக்கும் வடம் அவள் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கேட்டாள். தோட்டக்காரர் அமிர்தசாமி ஏன் என்றுகூடக் கேட்காமல் வடத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே ஓடிவந்தார்.

வடத்தைக் கம்பியிலும் வண்டியிலும் முடிந்தார்கள். இப்போது மாடுகள் மிரண்டன. புகையைக் கண்டு துள்ளின. நுகத்தடியை முறித்துவிடும் போலிருந்தது. அவள் சந்தோரத் தண்ணீர்த் தொட்டியில் சாக்கை நனைத்து இரண்டின் கண்களையும் மூடிக் கட்டினாள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று, வீட்டில் தவிடு வைக்கக் கூப்பிடும் அதே குரலில் அழைத்தாள். மாடுகள் அந்தக் குரலை நம்பி அடியெடுத்து வைத்தன. வடம் விறைத்தது. அமிர்தசாமி சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்துத் தள்ளினார். சுவரில் விரிசல் ஓடியது. இன்னொரு இழுப்பில் ஜன்னல் சட்டத்தோடும் பாதிச் சுவரோடும் சந்தில் வந்து விழுந்தது.

பெண்கள் இடிபாட்டின்மேல் தவழ்ந்து வந்தார்கள். முடி கருகியவர்கள், சேலை பற்றியவர்கள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. எல்லாரையும் முன்னால் தள்ளிவிட்டு மயிலம்மாள் கடைசியாக வந்தாள். அவள் கால் மண்ணில் பட்டதும் கூரை இறங்கியது.

உள்ளறையில் வேலை செய்த ஆராயியும் சாலம்மாளும் வரவில்லை. அன்று சாயங்காலம் அவர்கள் உடல்களை எடுத்துப் போனபோது தப்பித்தவர்கள் எல்லாரும் மயான வழிவரை அழுதுகொண்டே நடந்தார்கள்.

விசாரணையில் முதலாளி, கதவு திறந்தேதான் இருந்தது, பயத்தில் இவர்களுக்கு வழி தெரியவில்லை என்றார். சென்னம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"பூட்டுத் தொங்குனதை என் கண்ணால பாத்தனுங்க. தொறந்த கதவு இருந்தா நான் எதுக்குங்க செவுத்தை இடிக்கறேன்?"

மேஸ்திரி தலைகுனிந்தார். பூட்டியது தான்தான், பூட்டச் சொன்னது முதலாளி என்று ஒப்புக்கொண்டார். முதலாளியைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

தீர்ப்பு வந்த அன்று பெண்கள் அத்தனை பேரும் அவள் வண்டியில்தான் ஏறினார்கள். இடம் போதாமல் சிலர் பின்பக்கம் தொற்றிக்கொண்டார்கள். கடைவீதியில் ஆட்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள். ஊர் எல்லை தாண்டியதும் மயிலம்மாள் புகையில் கெட்டுப்போன கரகரத்த குரலில் நடவுப்பாட்டு ஒன்றைத் தொடங்கினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சென்னம்மாள் மாடுகளை ஓடவிட்டாள்.