இரண்டரை மணித்தியாலம்

கிட்ட வாங்க மக்காள், காலை மடக்கி இருங்க. கடல் இரைச்சல் காதை மறைக்காமல் இருந்தால், முனவ்வறாவை ஒரு பின்னேரம் உயிரோடு உலுக்கிய கணக்கொன்றைச் சொல்கிறேன்.

எண்பத்தோராம் ஆண்டு. சாய்ந்தமருதிலிருந்து அவளைக் கட்டிய மாப்பிள்ளை கச்சிமுகம்மது குவைத்துக்கு வேலைக்குப் புறப்பட்டார். ஏஜென்ட் சொன்னது அவளுக்கு மனப்பாடம்: கட்டுநாயக்கா ஏர்போர்ட்டிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு மைல், ப்ளேன் ஐந்து மணித்தியாலம் பறக்கும். காலை ஒன்பதுக்கு ஏறினால் இரண்டுக்கு இறங்குவார். அவர் ஆகாயத்தில் தொங்கிய நேரமெல்லாம் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் பளீல் வேலியடியில் வந்து நின்றார். அவர் கடையில்தான் டெலிபோன் இருந்தது.

"முனவ்வறா, மச்சான் கோல் எடுத்தாரு புள்ள. பதினொண்டரைக்கு எறங்கிட்டன் எண்டு சொல்லச் சொன்னாரு."

அல்ஹம்துலில்லாஹ் என்று தொடங்கியவளின் வாய் பாதியில் நின்றது. பக்கத்தில் நின்ற அவளுடைய மூத்த சகோதரி, நஸீறா ராத்தா, விரலை மடக்கத் தொடங்கினாள்.

"ஒம்பதுக்கு ஏறிப் பதினொண்டரைக்கா? ரெண்டரை மணித்தியாலத்துல எந்தக் குவைத்து கா?"

"ப்ளேன் வேகமாப் போயிருக்கும் ராத்தா."

"ஓம், ஓட்டுறவன்ட வீட்டுல கலியாணமாக்கும்! விசர்க்கதை கதைக்காத. ரெண்டரை மணித்தியாலம் பம்பாய்க்குத்தான். சாரி எடுக்கப் போய்வந்த என்ட மாப்பிள்ளைக்குத் தெரியாதா? மணிக்கூட்டத் திருப்பவும் தேவையில்லையாம், அங்கயும் நம்மட நேரம்தான். குவைத்து எண்டு ஏத்திப் பம்பாயில தள்ளிவிட்ட கதை நீ கேக்கல்லியா?"

கேட்டிருந்தாள். போன மாதம் கிணற்றடியில் கதைத்தார்கள். அப்படி இறக்கிவிடப்பட்ட ஒருவனுடைய வீட்டுக்கு இன்னும் கடிதமில்லை. முனவ்வறா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். நீலப் பேக்கைத் தோளில் போட்டு, நிற்பது பம்பாய் என்றே தெரியாமல், குவைத்துக்காரனைத் தேடி அவர் தெருத்தெருவாக நடப்பது கண்ணுக்குள் வந்தது.

"பளீல் காக்கா, வேற என்ன சொன்னாரு? ஒரு சொல்லு விடாமச் சொல்லுங்க."

பளீல் தலையைச் சொறிந்தார். "என்னத்தச் சொல்ல? நம்மட பள்ளியில அஸர் பாங்கு சொல்லக்குள்ளதான் கோல் வந்த. ஒரு காதைப் பொத்திக்கிட்டுத்தான் கேட்டன். இப்பத்தான் லுஹர் தொழுதுட்டு வாறன் எண்டாரு. லைன் அறுந்து போச்சு."

அஸர் பாங்கு நேரத்தில், நடுப்பகலில் தொழ வேண்டிய லுஹரா?

பதினான்கு வருஷத்தில் அந்த மனிசன் ஒரு வக்துத் தொழுகையை அடுத்த பாங்குவரை இழுத்ததில்லை. வயலில் சேற்றுக்காலோடு நின்றாலும், வாய்க்காலில் கழுவி வரம்பில் சால்வையை விரித்துவிடுவார்.

"ராத்தா," என்றாள் மெல்ல. "அவரு பிந்தித் தொழல்ல. அங்க இப்பவும் லுஹர் நேரம்தான். நம்மட கடல்ல எழும்புற பொழுது அங்க போய்ச்சேர நேரம் எடுக்குந்தானே? அவங்கட மணிக்கூடு நம்மளுக்குப் பின்னால ஓடுது. பம்பாயிலயும் நம்மட நேரம்தான் எண்டு நீதானே சொன்ன! அப்ப அவரு நிக்கிறது பம்பாயில்ல."

நஸீறா மறுபடி விரல் மடக்கினாள். "அங்கத்தைய பதினொண்டரைக்கு இங்க... ரெண்டு மணியா? அப்ப அவங்கட மணிக்கூடு ரெண்டரை மணித்தியாலம் பின்னால, அஞ்சு மணித்தியாலம் பறந்தது சரிதான் கா!"

பளீல் சிரித்தார். முனவ்வறாவுக்குச் சிரிக்க வரவில்லை. குவளையை எடுத்துத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். பிறகு அஸருக்குப் பாய் விரித்தாள்.

உங்கட வாசலால தூரம் போன கால்களையெல்லாம், மக்காள், அல்லாஹ் சொன்ன இடத்தில் இறக்கி, சுகமாக அதே வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமீன்.