சகலைக்காகச் செய்த சோபா

பல் மருத்துவரின் காத்திருப்பறையில் ஒன்றரை மணி நேரம் வீட்டு அலங்காரப் பத்திரிகை படித்த நாளிலிருந்து பதிவேட்டு எழுத்தருக்குத் தன் ஹாலைக் கண்டால் ஆகாமல் போயிற்று. பன்னிரண்டடிக்குப் பத்தடி. அதைப் போய் 'வரவேற்புக் கூடம்' என்று சொல்லத் தொடங்கினார்.

"ஒரு இடம்னா அது மூச்சு விடணும்" என்றார் மனைவியிடம்.

"நாம விட்டா போதாதா?" என்றாள் அவள், தையல் மெஷினை மிதித்தபடி.

மூச்சை அடைப்பதே அந்த மெஷின்தான் என்பது அவர் கட்சி. மாடிவீடுகளின் பேண்டுகளெல்லாம் அங்கேதான் உயரம் குறைந்தன, சட்டைகள் காலர் மாற்றிக்கொண்டன. வீட்டில் ஒழுங்காக வெளிச்சம் வருவது அந்த ஒரே ஜன்னலில். மெஷினுக்கு அவர் பார்த்து வைத்த புது இடமோ சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகே.

"அங்க உக்காந்தா ஊசியில நூல் கோக்க முடியுமா? ஆறு மாசத்துல கண்ணு போயிடும்."

"ஒரு பல்பு போட்டுக்கலாம்மா."

பத்திரிகை ஒரு சாக்குதான். உண்மையான காரணம் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். போன மாதம் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, புது சோபாவில் உட்கார வைத்து, "பாத்து சாய்ங்கண்ணே, உங்களுக்குப் பழக்கமிருக்காது" என்று கரிசனப்பட்டவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் இங்கே வருகிறார். அதற்குள் ஜன்னலோரம் அதைவிடப் பெரிய சோபா ஒன்று வந்தாக வேண்டும்.

மனைவி நூல்கண்டு வாங்கப் போன நேரம் பார்த்து எழுத்தர் காரியத்தில் இறங்கினார். மெஷின் மேல் கிடந்த டேப்பால் சுவர், ஜன்னல், வாசல் எல்லாம் அளந்தார். அலுவலகத்தில் இருபது வருடமாக எதையும் மூன்று பிரதி எடுத்துப் பழகிய கை. அளவுகளையும் மூன்று பிரதி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டது. வாசல், முப்பத்து நாலு அங்குலம். சோபா எவ்வளவு நீளமானாலும் சரி, அகலமும் உயரமும் முப்பத்திரண்டைத் தாண்டக் கூடாது.

"கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சிரட்டுமா சார்?" என்று தச்சர் கேட்டார்.

"வேண்டாம். கழட்டினா அதுக்கு ஒரு கம்பீரம் இருக்காது. ஒரே உடம்பா வரணும்."

மனைவி சண்டை போடவில்லை. "சோபா உள்ள வரட்டும். வந்த நிமிஷமே மெஷினை நகத்திடறேன்" என்று மட்டும் சொன்னாள். ஜெயித்துவிட்டதாக எழுத்தர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை, நான்கு பேர் தூக்கி, மூன்று மாடி ஏறி, கருஞ்சிவப்பு சோபா வாசலுக்கு வந்தது. வந்ததோடு சரி. நேராக நுழைத்தார்கள், சாய்த்தார்கள், தலைகீழாகப் புரட்டினார்கள். நிலைக்கட்டையில் பெயிண்ட் உரிந்ததுதான் மிச்சம்.

"இரண்டு அங்குலம் இடிக்குது சார்."

"இடிக்க வாய்ப்பே இல்லை!" எழுத்தர் ஓடிப்போய்க் காகிதங்களைக் கொண்டுவந்தார். மூன்று பிரதியிலும் முப்பத்து நாலுதான் இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "எந்த டேப்புல அளந்தீங்க?"

"உன் டேப்புலதான்."

"அடப்பாவமே! அது முன்னாடி நாலு அங்குலம் அறுந்துபோய் வருஷம் மூணாச்சே. நான் கழிச்சுக் கழிச்சுத்தானே தைக்கிறேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

தூக்கி வந்தவர்கள் திரும்ப இறக்க ஒப்பவில்லை. நடைவழியில் சுவரோரமாக விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். அவர்கள் போன படியிலேயே சகலை குடும்பத்தோடு ஏறி வந்தார். மூச்சு வாங்க சோபாவில் உட்கார்ந்தார், சாய்ந்தார், கையால் தட்டிப் பார்த்தார்.

"சோபா பிரமாதம்ண்ணே. வீடு எங்க?"

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. உள்ளே ஜன்னலோரம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. உட்கார வசதியாக இடம் கிடைத்ததும் நாலாம் மாடி, ஐந்தாம் மாடிக்காரர்கள்கூடத் துணிப்பையோடு வரத் தொடங்கிவிட்டார்கள். இந்த ஞாயிறு எழுத்தர் தன் சோபாவில் தானே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"உங்களுக்கு என்னங்க, பேண்ட்டா?"

எழுத்தர் பேப்பரை மடித்தார். உள்ளே ஒரு பார்வை, சோபாவின் கைப்பிடியில் ஒரு பார்வை. பிறகு சற்றே தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"ஆமாங்க. நீங்க முதல்ல போங்க, எனக்கு அவசரமில்லை."